கீழாநெல்லி சொன்ன கதை

"நீ பாட்டனி படிச்சவன்தானே, மூலிகையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு. ரெண்டாயிரம் வார்த்தைக்கு மேல போயிராதே" என்று மலர்க் குழு நண்பர் தொலைபேசியில் சொன்னார். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாளாகிவிட்ட எனக்கு, இப்படி யாராவது அதட்டி வேலை வாங்கினால்தான் கை ஓடுகிறது. மூலிகைகளின் பட்டியல் எல்லாக் காலண்டரிலும் வருகிறது. அதை நானும் எழுத வேண்டாம் என்று தோன்றிற்று. ஒரே ஒரு செடியின் வரலாற்றைச் சொல்கிறேன். அதில் எனக்கு ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது.

1971 முதல் 1974 வரை நம் விடுதியில் இருந்தவர்களுக்குப் பின்பக்கத்துத் தொட்டி நினைவிருக்கும். குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு முழத்துக்கு மேல் வளராத செடிகள் மண்டிக் கிடக்கும். புளிய இலை போல இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை. காம்பின் அடியில் வரிசையாகக் கடுகுக்குக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய்கள். அதுதான் கீழாநெல்லி. நெல்லி போன்ற காய் கீழே தொங்குவதால் அந்தப் பெயர். அதே கொல்லையில் வேலியாக ஆடாதோடை நின்றது. தூதுவளை அதன்மேல் படர்ந்திருந்தது. கிணற்றடியில் வல்லாரை, சமையற்கட்டு வாசலில் துளசி, மூலையில் ஒரு பெரிய வேப்பமரம். சளி பிடித்தால் சமையல்கார அண்ணாச்சி தூதுவளை ரசம் வைப்பார். இருமல் நிற்காவிட்டால் ஆடாதோடை இலையைக் கொதிக்க வைத்துத் தேன் விட்டுக் கொடுப்பார். அம்மை போட்டவன் கட்டிலுக்கு வேப்பிலை வந்துவிடும். இதையெல்லாம் வைத்தியம் என்று யாரும் சொன்னதில்லை. அது வீட்டுப் பழக்கம், அவ்வளவுதான்.

1972ஆம் ஆண்டு மழைக்காலத்தில் விடுதியில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் ஒருவன், பிறகு ஒரே வாரத்தில் ஐந்து பேர். வார்டன் பயந்து போனார். அண்ணாச்சியின் யோசனைப்படி பக்கத்து ஊரிலிருந்து ஒரு வைத்தியரை அழைத்து வந்தார்கள். செடி பறித்துத் தர ஆள் வேண்டும் என்பதால் என்னைக் கூட நிறுத்தினார்கள்.

அந்தப் பெரியவர் செடியைக் கேட்கவே இல்லை. ஒவ்வொருவன் பக்கத்திலும் உட்கார்ந்து கையைப் பிடித்தார். கண் ரெப்பையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "ஏலே, வெளிக்குப் போனா என்ன நெறம்?" என்று கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மஞ்சளா, வெள்ளையா, சொல்லு" என்று பதில் வரும்வரை விடவில்லை. சித்த மருத்துவத்தில் இதற்கு எண்வகைத் தேர்வு என்று பெயர்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டையும் பார்த்த பிறகே மருந்து.

ஐந்தாவது பையனிடம் வந்தபோது அவன் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னான். பெரியவர் எழுந்துவிட்டார். "பேச்சு தடுமாறுது. இது நம்ம கைக்கு அடங்காது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். மற்ற நான்கு பேருக்குக் கீழாநெல்லியை வேரோடு அரைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கிக் காலையில் கொடுக்கச் சொன்னார். எண்ணெய், புளி வேண்டாம், மோர்ச்சோறு, நல்ல ஓய்வு. நான்கு பேரும் மூன்று வாரத்தில் எழுந்து நடமாடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவனும் ஒரு மாதம் படுத்துப் பிழைத்து வந்தான்.

நான் அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கீழாநெல்லி காமாலையைக் குணப்படுத்தும். எவ்வளவு அரைகுறையாகக் கற்றேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

நமக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம், 17ஆம் நூற்றாண்டில் கொச்சியை டச்சுக்காரர்கள் வைத்திருந்தார்கள். அவர்களின் தலைவர் ஹென்றிக் வான் ரீட். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் மருந்து வந்து சேருவதற்குள் கெட்டுப் போகிறது, அதில் பலவும் இந்தப் பக்கத்திலிருந்தே போன சரக்குகள். இங்குள்ள செடிகளையே அறிந்து கொண்டால் என்ன என்று அவர் எண்ணினார். செடிகளைத் தெரிந்தவர்களைத் தேடினார். கிடைத்தவர் சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். பரம்பரையாக வந்த ஏட்டுச்சுவடிகளையும் தம் அனுபவத்தையும் வைத்து அவர் செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் உதவினார்கள். மலையாளத்தில் சொன்னது போர்த்துகீசியத்துக்கும், அங்கிருந்து டச்சுக்கும், பிறகு லத்தீனுக்கும் போயிற்று. 1678லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. அதுதான் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ். 742 செடிகள், முழுப்பக்கப் படங்களோடு.

முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் கோலெழுத்தில் எழுதிக் கொடுத்த சான்றிதழும் அச்சாகியிருக்கிறது. அதன் தேதி 1675 ஏப்ரல் 20. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால், சொன்னவர் யார் என்றே உலகத்துக்குத் தெரிந்திராது. எத்தனையோ புத்தகங்களில் சொன்னவர் பெயர் இல்லாமலே போய்விட்டது. இந்த நூலை லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவரப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்தார். 2003ல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அச்சுதன் நாட்டுக்காரர்கள் அவர் சொன்னதைத் தாங்களே படிக்க முந்நூறு வருடங்களுக்கு மேல் ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த நூலின் 10ஆம் தொகுதியில் "கிர்கனெலி" என்று ஒரு செடி இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம்ம கீழாநெல்லிதான். 1753ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உலகச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது இந்தப் படத்தையும் மேற்கோள் காட்டி, பில்லாந்தஸ் நிரூரி என்ற பெயருக்குள் இதை அடக்கினார். 1789ல் பிரான்சில் ஜுசியூ என்பவர் கிர்கனேலியா என்று ஒரு பேரினத்துக்கே பெயர் வைத்தார். நம் கொல்லைப்புறச் சொல் ஒன்று பாரிஸ் வரை போய் லத்தீன் வேஷம் கட்டிக்கொண்டது.

ஆனால் பெயரில் ஒரு குழப்பம் நேர்ந்துவிட்டது. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துப் பக்கத்துச் செடி. நம் ஊரில் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டது வேறு. நம் டிபார்ட்மெண்ட் அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலை நினைவிருக்கிறதா? 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. அதைப் பார்த்துத்தான் நாம் ரெக்கார்டு நோட்டில் நிரூரி என்று எழுதி மார்க் வாங்கினோம். 1950களிலேயே அமெரிக்கத் தாவரவியலார் வெப்ஸ்டர் இதைப் பிரித்துக் காட்டியிருந்தார். 1985ல் இந்திய ஆய்வாளர்களும் ஆராய்ந்து, இந்தியாவில் நிரூரி என்று சொல்லப்படுவது அமாரஸ், பிரட்டெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று காட்டினார்கள். அமாரஸ் என்றால் கசப்பு என்று பொருள். ஆக, நாம் எழுதியது தப்பு, வாங்கிய மார்க்கும் தப்பு!

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. பெயர் மாறினால் உயிரே போகும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மருந்து தந்த ஓரிடத்தில், ஏறக்குறைய ஒரே பெயர் கொண்ட இரண்டு சீன மூலிகைகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கலந்துவிட்டது. அது நம் ஆடுதின்னாப்பாளையின் உறவுச் செடி. சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. 1993ல் அது மருத்துவ இதழில் வெளிவந்தது. "பச்சிலைதானே, என்ன செய்யும்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

தமிழ்நாட்டிலும் எழுதி வைக்கும் வேலை நடந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியர்களையும் ஐரோப்பிய மருத்துவத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய டாக்டராக இருந்த ஒயிட்லா எய்ன்ஸ்லி, கடைத்தெருச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து 1813ல் சென்னையிலேயே ஒரு நூல் வெளியிட்டார்; அதை விரித்து 1826ல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நூறு வருடம் கழித்து, நாட்டு வைத்தியத்தை அரசு ஆதரிக்கலாமா என்று விசாரிக்க 1921ல் முகமது உஸ்மான் தலைமையில் சென்னை அரசு ஒரு குழு போட்டது. டாக்டர் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். 1923ல் அறிக்கை வந்தது. அதன் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. 1964ல் நம் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. 2005ல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது.

இப்போது என் கணக்கு.

1981. என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், கண் மஞ்சளாகி விட்டது என்று கடிதம் போட்டார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, உடம்பெல்லாம் அரிப்பு மட்டும். நான் அப்போது பள்ளியில் பாட்டனி வாத்தியார். ஊரில் எனக்கு ஒரு மரியாதை. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், வாய்க்கால் கரையில் கை நிறையக் கீழாநெல்லி பறித்து, நானே அம்மியில் அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். "மாப்ள, நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு டாக்டர்?" என்றார் அத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். இரண்டு மாதம்.

மஞ்சள் இறங்கவில்லை. உடம்பு இளைத்தது. கடைசியில் அக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, சொல்லக் கூச்சமா இருக்கு. அவருக்கு வெளிக்குப் போனா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் போகுது. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்" என்றாள்.

அந்த நிமிஷம் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் குரல் காதில் கேட்டது. "மஞ்சளா, வெள்ளையா, சொல்லு." ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் வந்தால்தான் மலத்துக்கு நிறம். வெள்ளையாகப் போனால் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு எந்தப் பச்சிலையும் பயன்படாது. மதுரைக்குக் கொண்டு போனோம். வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர்கள் பித்தக் குழாயை அடைத்துக் கொண்டிருந்த கட்டியைச் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று அவர்கள் உறுதி சொல்லவில்லை. முயற்சி செய்ய இடம் இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்கள். அந்தத் தை மாதம் அத்தான் போய்விட்டார். அக்கா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் இன்னும் கனக்கிறது.

அத்தானின் மரணத்துக்குக் கீழாநெல்லி மேல் பழி போட நான் தயாரில்லை. பழைய வைத்தியத்தின் மேலும் போட மாட்டேன். ஏனென்றால் அந்தப் பெரியவராக இருந்தால் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார், "நம்ம கைக்கு அடங்காது" என்றும் சொல்லியிருப்பார். எனக்குச் செடியின் பெயர் தெரியும், லத்தீனில்கூடத் தெரியும். அவருக்கு நோயாளியைத் தெரியும். அவரிடமிருந்து நான் செடியை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டேன்.

விடுதியில் நான்கு பேர் பிழைத்ததற்கும் இப்போது காரணம் புரிகிறது. தண்ணீர் மூலம் பரவும் காமாலை அது. பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ கிருமியாக இருந்திருக்கும். பெரும்பாலோருக்கு ஓய்வும் பத்தியமும் இருந்தால் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்தக் கிருமியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் முதலில் கண்டதே 1973ல்தான். நமக்குக் காமாலை வந்தது அதற்கு முந்தின வருடம். கீழாநெல்லி எவ்வளவு உதவியது, உடம்பே எவ்வளவு செய்துகொண்டது என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அதைச் சொல்லிப் பார்க்கச் சென்னையில் ஒரு நேர்மையான முயற்சி நடந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளத்தைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் பிளம்பர்க். அவருடைய பிலடெல்பியா ஆய்வுக்கூடமும், சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவும் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்தார்கள். 1988ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கிருமியை உடம்பில் நெடுநாள் சுமந்தவர்களுக்கு 30 நாள் மருந்து கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு அந்த அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பத்திரிகையில் அதைப் படித்த அன்று நான் அழுதேன். பெருமையா, அத்தான் நினைப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதன்பின் பல நாடுகளில் நடந்த சோதனைகளை 2011ல் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தவர்கள், ஹெபடைடிஸ் பி நோய்க்கு இதை நம்பிக் கொடுக்கப் போதிய சான்று இல்லை என்றார்கள். இனம் வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்ற கேள்விகள் எழுந்தன. விஞ்ஞானம் அப்படித்தான். ஒருமுறை கைதட்டியதற்காக மறுமுறை சோதிக்காமல் விடுவதில்லை. இன்று ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கே போடுகிறார்கள்.

மற்றச் செடிகளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நம் வேலி ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற சத்தை மாதிரியாக வைத்துத்தான் இருமல் மருந்துகளில் வரும் புரோம்ஹெக்சின் செயற்கையாகச் செய்யப்பட்டது. புண்ணில் மஞ்சள் வைப்பதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. வேப்ப எண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் 1994ல் கொடுத்த காப்புரிமை 2000த்தில் ரத்தாகி, 2005ல் மேல்முறையீடும் தோற்றது. இந்தத் தொல்லை இனி வேண்டாமென்று 2001ல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கினார்கள்; சித்த மருத்துவ நூல்களும் அதில் ஏறியிருக்கின்றன. காப்புரிமைக்காரர்களிடமிருந்து செடியை மீட்டுவிட்டோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பெரியவரின் கேள்வியை எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது?

2012ல் டெங்கு வந்தபோது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. ஒன்பது சரக்குகள் சேர்ந்த கஷாயம் அது. நிலவேம்பு அதில் ஒன்று. 2020ல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீர், அதில் பதினைந்து சரக்கு. தெருவெல்லாம் அண்டா வைத்து ஊற்றினார்கள். நானும் குடித்தேன். காய்ச்சலில் கசப்பு நல்லது என்பது நம் பழக்கம். ஆனால் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற இளைஞர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "இதைக் குடிச்சா சரியாயிரும் சார்" என்றார். நான் அவரை விடவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் என் டம்ளரை வாங்கினேன். வாத்தியார் புத்தி என்று பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நண்பர்களே, சந்திப்பு நாளில் சாப்பாடு முடிந்ததும் விடுதிக் கொல்லைப் பக்கம் ஒரு நடை வாருங்கள். தொட்டி இப்போது இல்லை, ஆனால் மழை பெய்தால் கீழாநெல்லி தானாக முளைக்கிறது. பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அடையாளம் காட்டுகிறேன். கிளையைத் திருப்பிப் பிடித்தால் காய் இலைக்கு அடியில் இருக்கும். தூதுவளை ரசமும் வல்லாரைத் துவையலும் வீட்டில் தொடரட்டும். மாணவர் சங்கம் மனது வைத்தால், பெயர்ப் பலகையோடு ஒரு சின்ன மூலிகைத் தோட்டமும் போடலாம். தண்ணீர் ஊற்ற நான் வருகிறேன்.

பலகையில் செடியின் தமிழ்ப் பெயரையும் லத்தீன் பெயரையும் எழுதுவோம். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்: "கண் மஞ்சளானால் முதலில் ரத்தத்தைச் சோதியுங்கள், மலம் என்ன நிறம் என்று கேளுங்கள்." படிக்கிற பையன்கள் சிரிப்பார்கள். நாங்களும் 1972ல் சிரித்தோம்.